தூக்குவாளி பேங்க்

மே 18

என் பெயர் சோணைமுத்து. இதை நானே எழுதினேன்.

மே 19

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இரவோடு இரவாக எங்கும் போகவில்லை. அப்படியே இருந்தது.

மே 21

எஸ்தர் டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். மாநகராட்சிப் பள்ளியில் மதியம் இரண்டு மணிக்கு எங்களுக்கு வகுப்பு. பெரியவர்கள் ஒன்பது பேர் படிக்கிறோம். அதில் எனக்குத்தான் வயது அதிகம், அறுபத்தெட்டு. என்ன எழுதுவது என்று கேட்டேன். "அன்னைக்கு நடந்ததை எழுதுங்க ஐயா" என்றார்.

இன்று நடந்தது: தக்காளி வாங்கினேன்.

இன்னொரு முறை எழுதிப் பார்த்தேன். தக்காளி. நன்றாக இருக்கிறது.

மே 23

எங்கே வைத்து எழுதுவது என்பதுதான் கஷ்டம். வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, சமையல் அறை. மகள் சுகந்தி, மாப்பிள்ளை பாலகுரு, பேத்தி தாரணி, நான், நாலு பேர் இருக்கிறோம். மேசை இல்லை. வாஷிங் மெஷின் மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உயரம் சரியாக வருகிறது. துணி பிழியும்போது மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே "சமையல்" என்பது ஆடிக் கோணிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள், அது பிழியும்போது எழுதியது.

யாரைப் பாருங்கள் என்கிறேன், தெரியவில்லை.

மே 25

இன்று ஞாயிறு. எல்லோரும் பஸ் ஏறி ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு புது ஃபிளாட்டைப் பார்த்தோம். மூன்றாவது மாடி. முப்பத்தாறு லட்சம்.

நான் நாற்பத்தொரு வருஷம் சாரம் கட்டினவன். கட்டடத்துக்குப் பூச்சு வேலை செய்ய, மேஸ்திரி நிற்பதற்குச் சவுக்குக் கம்பும் கயிறும் பலகையும் வைத்துக் கட்டுவோமே, அதுதான் சாரம். மதுரையில் எத்தனையோ வீடுகளை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பூச்சு முடிந்ததும் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவோம். உள்ளே போனதில்லை. இன்றுதான் ஒரு புது வீட்டுக்கு வாசல் வழியாகப் போனேன்.

சுகந்தி பால்கனியில் போய் நின்றாள். பத்து நிமிஷம் பேசவில்லை. அவள் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தால் அது பெரிய விஷயம். பிறகு திரும்பி, ஒரு சின்ன அறையைக் காட்டி, "இது அப்பாவுக்கு" என்றாள். அறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே சாண் போட்டுப் பார்த்தேன். ஐந்து சாண். ஒரு மேசை அளவாக நிற்கும்.

ஒரு தாள் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மற்றவர்கள் பெரிய எழுத்தைப் படித்தார்கள். எனக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே கஷ்டம்தான், அதனால் எல்லாவற்றையும் படித்தேன். கார் நிறுத்துமிடம் தனி. மின் இணைப்பு தனி. பதிவுச் செலவு தனி. பராமரிப்பு மாதம் ஆயிரத்து ஐந்நூறு, தனி. "தனி" என்ற சொல் அந்தத் தாளில் பதினோரு இடத்தில் இருக்கிறது. "சேர்த்து" என்ற சொல் ஒரே இடத்தில், அதுவும் கோயிலுக்கும் பஸ் நிலையத்துக்கும் உள்ள தூரத்தைச் சேர்த்து.

மே 28

பேங்குக்குப் போனோம். வீட்டுக் கடன் பார்க்கிற வினோதா மேடம் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "இருபத்தெட்டு லட்சம் எலிஜிபிள் சார்" என்றார். மீதி எட்டு லட்சத்துக்கு, வீட்டுக்கென்று தொடாமல் வைத்திருக்கிற சேமிப்பு இருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மாதிரி முகம். அவருக்குப் பாத்திரக்கடையில் வேலை. சம்பளம் பத்தொன்பதாயிரம். அதற்கு மேல் விற்றதற்குத் தகுந்த கமிஷன். கல்யாண மாதத்துச் சம்பளச் சீட்டு மூன்றைக் கொடுத்திருந்தோம், அதில் முப்பத்தோராயிரம் இருந்தது. சுகந்திக்கு ரத்தப் பரிசோதனை லேபில் இருபதாயிரம். ஆக ஐம்பத்தோராயிரம். மாதம் கட்ட வேண்டியது இருபத்து நாலாயிரத்து எழுநூற்று நாற்பத்து நாலு, இருபது வருஷம். "சம்பளத்துல பாதிக்குள்ள வருது, அதனால ஓகே" என்றார் மேடம்.

அவர் கொடுத்த அட்டவணையை நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏம்மா, மொத மாசம் கட்டுறதுல கடன் எவ்வளவு கழியும்?"

"நாலாயிரத்து முந்நூத்தி இருபத்தேழு ஐயா."

"மிச்சம்?"

"வட்டி."

"இருபதாயிரமும் வட்டியா?"

"ஆரம்பத்துல அப்படித்தான் ஐயா இருக்கும். போகப் போக வட்டி குறைஞ்சு அசல் கூடும்."

"எப்ப பாதிப் பாதி ஆகும்?"

அவர் தட்டிப் பார்த்தார். "பன்னெண்டு வருஷத்துல."

எனக்கு எண்பது வயது ஆகும்போது. நாலாயிரத்து முந்நூறுக்கு ஒரு கதவு நிலைகூட வராது. முதல் வருஷம் முழுக்கக் கட்டினாலும் வாசலும் ஒரு ஜன்னலும்தான் எங்களுடையது, மீதி வீட்டில் பேங்க் குடியிருக்கும்.

"இந்த வட்டி மாறுமாம்மா? 'மாறும் வட்டி'ன்னு போட்டிருக்கே."

"அரை சதவீதம் ஏறினாலும் நீங்க கட்டுற தொகை மாறாது ஐயா. மாசம்தான் கூடும்."

"எத்தனை மாசம்?"

மறுபடி தட்டினார். "இருபத்தெட்டு."

வெளியே வந்ததும் சுகந்தி, "ஏம்ப்பா, அந்தப் பிள்ளையைப் போட்டு இப்படிக் கொடைஞ்ச?" என்றாள். படிக்கத் தெரியாத காலத்தில் நான் எவ்வளவு மரியாதையாக உட்கார்ந்திருப்பேன் என்று அவள் நினைத்திருக்கலாம்.

மே 30

பில்டரிடம் இருபத்தைந்தாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்று. ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆவணியில். ஆடி குறுக்கே வருகிறது, ஆடியில் யார் வீடு வாங்குவார்கள்? ஆவணி எட்டாம் தேதி, ஆகஸ்ட் 24 என்று முடிவானது. கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்று லட்சம் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் திரும்பாது. சாட்சிக் கையெழுத்து இரண்டு பேர் போட வேண்டுமாம். "ஒண்ணு மாமா போடட்டும்" என்றார் மாப்பிள்ளை. நானா? பெருவிரலைத் துடைத்துக்கொண்டேன், பழக்கத்தில்.

மே 31

இது கொஞ்சம் நீளமாக இருக்கும். துணி இன்று சுகந்தி கையால் துவைக்கிறாள், கரண்ட் இல்லை. அதனால் நிதானமாக எழுதலாம்.

சாரம் கட்டி முடித்ததும் மேஸ்திரியை ஏற்ற மாட்டோம். கட்டினவன்தான் முதலில் ஏற வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் நின்று மூன்று முறை குதிப்பான். அதில் ஒரே ஒரு விதி உண்டு. மேலே குதிக்கும்போது கீழே நிற்பவன் கம்பைப் பிடிக்கக் கூடாது. ஆடுகிறதே என்று பயந்து பிடித்தாலும் தப்பு. நாளைக்கு மேஸ்திரி சட்டியோடு ஏறும்போது அவன் அங்கே நிற்க மாட்டானே.

இதைச் சாப்பிடும்போது சொன்னேன். "இந்த டியூவையும் மூணு மாசம் குதிச்சுப் பாத்துருவோம். வீட்டு வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு எப்படியும் கட்டுறோம். டியூவுல அதைக் கழிச்சு, பராமரிப்பைச் சேத்தா, பதினேழாயிரத்து எழுநூத்தி அம்பது. மாசாமாசம் அஞ்சாந்தேதி அதை எடுத்துத் தனியா வைக்கணும். தொடக் கூடாது. ஆவணி வரைக்கும் முடிஞ்சா, வீட்டை வாங்கலாம்."

மாப்பிள்ளை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அதாவது மாமா, வீடு வாங்காமலே டியூ கட்டணும்ங்கிறீங்க."

"ஆமா மாப்பிள்ளை."

"வீட்டை வாங்கிட்டு டியூ கட்டாதவனைப் பாத்திருக்கேன். வீடே இல்லாம டியூ கட்டப்போற மொத ஆளு நாந்தேன்."

சுகந்தி சிரித்தாள். ஆனால் கணக்குப் போட்டாள். அவர் பங்கு ஒன்பதாயிரம், அவள் பங்கு எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. "பேங்க்ல யாரு உக்கார்றது?" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஜூன் 2

மாப்பிள்ளை கடையிலிருந்து அடியில் நசுங்கின எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று கொண்டுவந்தார். விற்காத சரக்காம். மூடியில் பூட்டு மாட்ட இடம் இருக்கிறது. நான் முப்பது ரூபாய்க்கு ரசீதுப் புத்தகம் வாங்கினேன். மொத்தம் ஐம்பது ரசீது. இருபது வருஷத்துக்குப் போதாது. தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 5

பேங்க் திறந்தது. காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை வந்து வாஷிங் மெஷினைத் தட்டினார்.

"மேனேஜர் சார் இருக்காரா?"

"வரிசையில வாங்க."

"எனக்குப் பின்னாடி யாருமே இல்லையே சார்."

இரண்டு கவர். அவருடையது ஒன்று, சுகந்தியுடையது ஒன்று. எண்ணினேன். ரசீது எழுதினேன். ஒன்பதாயிரம் என்பது சின்ன சொல், சீக்கிரம் முடிந்தது. எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது என்று எழுத்தால் எழுத இருபது நிமிஷம் ஆனது. சுகந்திக்கு எட்டேகால் பஸ் போய்விட்டது. "எந்த பேங்க்லயும் நான் இவ்வளவு நேரம் நின்னதில்லப்பா" என்றாள். புது பேங்க், ஆள் குறைவு என்றேன்.

ஜூன் 14

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பீஸ், யூனிபார்ம், நோட்டு எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம். சனிக்கிழமை மீன் நின்றுவிட்டது. மாப்பிள்ளை கடைக்கு நடந்து போகிறார், உடம்புக்கு நல்லது என்கிறார். முட்டையும் வாரத்துக்கு இரண்டு என்று ஆனபோது தாரணி கேட்டாள்: "புது வீட்டுல முட்டை சாப்பிடக் கூடாதா தாத்தா?"



ஜூலை 5

இரண்டாவது டியூ. எண்ணினேன். சரியாக இருந்தது. ரசீது எழுதினேன்.

ஜூலை 7

ஒரு விஷயம் இந்த வாரம்தான் புரிந்தது. நான் எழுதுவதை என்னைத் தவிர மற்றவர்களும் படிக்க முடியும். இந்த வீட்டில் எல்லோருக்கும் படிக்கத் தெரியும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜூலை 9

காலை ஏழு மணிக்கே கிளம்பினேன். வகுப்புக்கு. டீச்சர் நிறைய எழுதச் சொல்கிறார். உள்ளங்கையில் கீறல். பென்சில்.

ஜூலை 11

வகுப்பு. தோளும் வலிக்கிறது. எழுத்து என்பது சாமானியமான வேலை இல்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. மாப்பிள்ளை கடையில் ஈ ஓட்டுகிறார்கள். கல்யாணம் இல்லாத மாதத்தில் குடமும் அண்டாவும் யார் வாங்குவார்கள்? "இன்னைக்கு ரெண்டு கரண்டி வித்தேன் மாமா" என்றார். "அதுல ஒண்ணு நம்ம வீட்டுக்கு."

ஜூலை 20

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. தண்ணீர் இறங்கவில்லை. மெக்கானிக் வந்து கீழே கழற்றி ஒரு கைப்பிடித் தேங்காய் நாரை வெளியே எடுத்தார். "யாரு வீட்டுல கயிறு திரிக்கிறீங்க?" என்றார். அறுநூற்று ஐம்பது ரூபாய். சுகந்தி என்னையே பார்த்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் இரண்டாவது தட்டிலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்தபோது, இனிமேல் சாரம் பக்கம் போக மாட்டேன் என்று தாரணி தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

தலையணை நார் பிரிந்திருக்கும் என்றேன்.

ஜூலை 21

தலையணையை எடுத்துப் பார்த்தேன். பஞ்சு.

ஆகஸ்ட் 5

மூன்றாவது டியூ. எண்ணினேன். சரியாக இருந்தது.

ரசீதைக் கையில் வாங்கின சுகந்தி சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள், கண் சிவந்திருந்தது. "மூணு மாசமும் கட்டிட்டோம்ப்பா. ஆடியிலயே கட்டிட்டோம்" என்றாள். பால்கனிக்குத் துளசிச் செடி வாங்க வேண்டுமாம். மாப்பிள்ளை, "நம்ம ரெண்டு பேரையும் நானே நம்பலடி" என்றார். அவர் சிரிப்பு எப்போதும் போல இல்லை. நானும் சிரித்தேன். என் சிரிப்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8

சாட்சிக் கையெழுத்துக்காகப் பழகுகிறேன். சோணைமுத்து சோணைமுத்து சோணைமுத்து. ஒரு பக்கத்தில் அறுபது வந்தது. கடைசியில் உள்ளவைதான் கொஞ்சம் நேராக நிற்கின்றன.

ஆகஸ்ட் 12

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டேன். "ஒருத்தர் ரசீதுல தப்பான தொகை எழுதிட்டா என்ன செய்யணும் டீச்சர்?"

"தெரியாம எழுதிட்டாரா, தெரிஞ்சா?"

"அவரு எழுதிப் பழகுறவரு."

டீச்சர் கொஞ்ச நேரம் என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அழிக்கக் கூடாது ஐயா. கிழிக்கவும் கூடாது. ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, தன் கையெழுத்தைப் போடணும். பழைய தப்பும் தெரியணும், திருத்துனது யாருன்னும் தெரியணும்."

பெருவிரல் ரேகைக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

ஆகஸ்ட் 19

துளசிச் செடி வந்துவிட்டது. வாஷிங் மெஷின் மேல்தான் வைத்திருக்கிறாள். எழுத இடம் குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 23

நாளை கையெழுத்து. எனக்குப் புது வேட்டி எடுத்திருக்கிறார்கள். பேனாவும் வாங்கியிருக்கிறேன். ஒன்றும் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 24

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

காலை பத்து மணிக்குப் பில்டர் ஆபீசில் இருக்க வேண்டும். ஒன்பதுக்கே ஆட்டோ வந்துவிட்டது. சுகந்தி பட்டுப் புடவை. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை. தாரணி பூ வைத்திருந்தாள். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியையும் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துவந்து ஹால் நடுவில் வைத்தேன்.

"வாளி எதுக்குப்பா?" என்றாள் சுகந்தி.

"பேங்க் மேனேஜர் கொஞ்சம் பேசணும்" என்றேன்.

பேனாவைத் திறந்தேன். ஜூலை ரசீதின் அடிக்கட்டையில் மாப்பிள்ளை பேருக்கு எழுதியிருந்த ஒன்பதாயிரத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஆகஸ்ட் அடிக்கட்டைகளைத் திருப்பினேன். மாப்பிள்ளைக்கு ஏழாயிரம், சுகந்திக்கு ஆறாயிரம். கோடு, கையெழுத்து. நான் மெதுவாக எழுதுகிறவன் என்பதால் இதற்கு நேரம் பிடித்தது. மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"கவர்ல கொறைஞ்சது. நான் போட்டு நிரப்பினேன். ஆறாயிரத்து எண்ணூத்தி அம்பது" என்றேன்.

மாப்பிள்ளைக்கு வாய் திறந்தபடி நின்றது. "மாமா, அப்ப நீங்க சரியாத்தான் எண்ணுனீங்களா?"

"பின்ன?"

"கம்மியா வச்சும் முழு ரசீது தந்தீங்க. சரி, மாமா இப்பத்தான் படிக்கிறாரு, எண்ணுறதுல தப்பு விட்டுட்டாரு, சொன்னா மனசு ஒடைஞ்சு போயிருவாருன்னு பேசாம இருந்துட்டேன்."

"நானும் அதேதான் நெனச்சேன்" என்றாள் சுகந்தி.

எனக்கு வந்த கோபத்தில் குற்றவாளி நான் என்பதே மறந்துவிட்டது. "நாப்பத்தொரு வருஷம் கம்பு எண்ணி இறக்கினவன்டா நான்! படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியாதா?"

மாப்பிள்ளையை 'டா' போட்டது இதுதான் முதல் முறை. அவர் அதைக் கவனிக்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "அந்த ஏழாயிரத்துலயும் அஞ்சாயிரம் என்னோடது இல்ல மாமா. முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்குனேன். ஆடியில கமிஷனே ஆயிரம்தான் வந்துச்சு."

"என்னங்க சொல்றீங்க?" என்று சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள். திரும்பின வேகத்திலேயே நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஜூலையில நான் மூவாயிரம் லேப்ல பரிமளாக்காகிட்ட கைமாத்து வாங்கித்தான் வச்சேன். பீஸ் கட்டினதுல காலியாயிருச்சு."

ஹாரன் மறுபடி கேட்டது.

நான் மேலே நின்று குதிக்கச் சொன்னேன். இரண்டு பேர் குதித்தார்கள். குதித்தவர்களே ஆளுக்கு ஒரு கம்பைக் கீழே கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள், விதி தெரிந்த நான் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சுகந்திக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆறாயிரத்து எண்ணூறு உனக்கு ஏதுப்பா? ரெண்டாயிரம் பென்சன்ல இருந்திருக்கும். மிச்சம்?"

நான் உள்ளங்கையை மடக்கிக்கொண்டேன்.

"நார்!" என்றாள். "தலையணையாம் தலையணை! நம்ம வீட்டுல எந்தத் தலையணைப்பா நாரு? சாரத்துக்குப் போனியா?"

"கீழதான்மா நின்னேன். முடிச்சு மட்டும் போட்டுக் கொடுத்தேன். ஆறு நாள். ஏறல, சத்தியமா ஏறல."

"அந்தச் சத்தியமும் தாரணி தலையிலதானே?"

தாரணி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சுகந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள், பட்டுப் புடவையோடு. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி என் பேனாவை வாங்கினாள். "உண்மையா எவ்வளவு?" என்றாள்.

ஜூன் பதினேழாயிரத்து எழுநூற்று ஐம்பது, அது மட்டும் முழுசாக எங்களுடையது. ஜூலை பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. ஆகஸ்ட் எட்டாயிரம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தாள். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.

"அது சராசரி" என்றார் மாப்பிள்ளை.

"சாரத்துக்குச் சராசரி பாக்க மாட்டோம் மாப்பிள்ளை. இருக்குறதுலயே மெலிஞ்ச கம்பைப் பாப்போம்."

"அப்ப எட்டாயிரம்."

"நல்ல மாசத்துல மிஞ்சுறதை ஆடிக்கு எடுத்து வச்சா, பத்தாயிரம் தாங்கும்" என்றாள் சுகந்தி. எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள். அந்த வட்டத்துக்குள் பால்கனி இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அப்போது ஆட்டோக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணே, வருவீங்களா மாட்டீங்களா? வெயிட்டிங் நாப்பது ரூவா ஆச்சு."

மாப்பிள்ளை சுகந்தியைப் பார்த்தார். சுகந்தி துளசிச் செடியைப் பார்த்தாள். பிறகு பர்சைத் திறந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினாள்.

"மிச்சத்தை வச்சுக்கங்கண்ணே. நாங்க போகல."

அவர் போனதும் நான் சொன்னேன். இதையும் எழுதிவிடுகிறேன். "அந்த ஜன்னலுக்குக் கீழ ஒரு மேசை போடலாம்னு ஆசைப்பட்டேன்மா. உங்களுக்காக மட்டும் நிரப்பல."

"தெரியும்ப்பா" என்றாள் சுகந்தி. "சாண் போட்டதை நானும் பாத்தேன்."

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "பட்டுப் புடவை, புது வேட்டி, எல்லாம் ரெடி. யாராவது ஒரு கல்யாணத்துக்காவது கூப்பிட்டிருக்கலாம்" என்றார். முதலில் தாரணிதான் சிரித்தாள். வாளியிலிருந்து நூறு ரூபாய் எடுத்து முட்டை வாங்கினோம். மேனேஜர் அனுமதி கொடுத்தார்.

ஆகஸ்ட் 26

பில்டர் ஆபீசில் ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டு இருபதாயிரத்தைத் திருப்பித் தந்தார்கள். அந்தத் தாளின் சின்ன எழுத்தில் அப்படித்தான் இருந்தது. மூன்று லட்சம் கட்டின பிறகு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அடுத்த வரியிலேயே இருந்தது. மாப்பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவர் பரிமளாக்காவின் மூவாயிரத்தைக் கொடுக்கச் சுகந்தியிடம் எண்ணிக் கொடுத்தார். இரண்டு தரம் எண்ணினார், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஆகஸ்ட் 28

சுகந்தி வினோதா மேடத்துக்குப் போன் போட்டாள். பத்தாயிரமும் வாடகையும் சேர்த்து, பராமரிப்பைக் கழித்து, வட்டி ஏறினால் சமாளிக்க ஓராயிரத்தை ஒதுக்கினால், மாதம் பதினாறாயிரம். அதற்குப் பதினெட்டு லட்சம் கடன் வரும். "உங்களுக்கு இருபத்தெட்டே கிடைக்கும் மேடம்" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது.

"கிடைக்கும் மேடம். தாங்காது" என்றாள் சுகந்தி.

கையில் இருக்கிற சேமிப்பையும் சேர்த்தால் ஒரு பழைய சின்ன ஃபிளாட் வரலாம். அனுப்பானடிப் பக்கம் ஒன்று இருக்கிறதாம். ஒரு படுக்கை அறைதான். பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் செப்டம்பர் ஐந்திலிருந்து மறுபடி மூன்று மாதம் குதிக்கப்போகிறோம், பத்தாயிரத்தில்.

ஆகஸ்ட் 31

இன்று ஞாயிறு. வகுப்புப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து, "மாமா, வேட்டியை மாத்திட்டு ஹாலுக்கு வாங்க" என்றார். போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சுகந்தி ஒரு துண்டை எடுத்துப் பொன்னாடை மாதிரி என் தோளில் போர்த்தினாள். தாரணி கை தட்டினாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். பிரிவு உபசார விழா என்றார் மாப்பிள்ளை.

ஒரு கவரைக் கொடுத்தார்கள். மேலே என் பெயர் இருந்தது. உள்ளே கடிதம். சுகந்தி கையெழுத்து. இதைப் பார்த்து எழுதுகிறேன்:

"திரு. சோணைமுத்து அவர்களுக்கு. தூக்குவாளி பேங்க் மேனேஜர் பதவியிலிருந்து தாங்கள் இன்று முதல் நீக்கப்படுகிறீர்கள். காரணம், டியூ கட்ட முடியாத வாடிக்கையாளர்களுக்கு மேனேஜரே தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது. இப்படிப்பட்ட மேனேஜர் எந்த பேங்குக்கும் ஆகாது. தங்கள் பணம் ரூபாய் ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது இத்துடன் திருப்பித் தரப்படுகிறது. இதைக் கொண்டு மடக்கு மேசை ஒன்று வாங்க வேண்டும். மடக்கு மேசை எந்த வீட்டுக்கும் பொருந்தும். சாரம் பக்கம் போகக் கூடாது. புதிய மேனேஜர் தாரணி. அவளுக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது."

கீழே "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தது.

அறுபத்தெட்டு வயதில் என் பெயருக்கு வந்து நானே பிரித்து நானே படித்த முதல் கடிதம். நான்கு தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் வேலை போனது. ஒவ்வொரு தரமும் நன்றாகத்தான் இருந்தது.

"கையெழுத்துப் போடுப்பா, பேங்குக்கு ஒரு காப்பி வேணும்" என்றாள் சுகந்தி.

வாஷிங் மெஷினுக்குக் கொண்டுபோனேன். துளசியையும் வாளியையும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். உள்ளே துணி சுற்றிக்கொண்டிருந்தது, எந்த நேரமும் பிழிய ஆரம்பித்துவிடும். "நிறுத்தட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். வேண்டாம் என்றேன். கோட்டின் மேல் பேனாவை வைத்தேன். மெஷின் பிழியத் தொடங்கியது. வாளி ஆடியது, துளசி ஆடியது, நான் எழுதினேன்.

சோணைமுத்து.

யாரும் பிடிக்கவில்லை. எட்டி நின்று பார்த்தேன். நேராக நின்றது.